அழுகலுக்காகக் காத்திருக்கும் திராட்சை

புதிய திராட்சை ரகம் ஒன்றைத் தோட்டத்தில் நடுவதற்கு முன் எந்த விவசாயியும் மூன்று கேள்விகளைக் கேட்பார். சீக்கிரம் பழுக்குமா? பழுத்தபின் புளிப்பு இறங்குமா? நோயைத் தாங்குமா? ஃபுர்மின்ட் என்ற வெள்ளைத் திராட்சை இந்த மூன்றிலுமே தோற்றுப்போகும். மற்ற ரகங்கள் செப்டம்பரில் கூடைக்கு வந்துவிடும். இது அக்டோபர் வரை கொடியை விட்டு இறங்காது. நன்றாகப் பழுத்து சர்க்கரை ஏறிய பிறகும் புளிப்பு முரண்டு பிடித்துக்கொண்டு நிற்கும். பூசணம் பிடிப்பதிலோ இதற்கு முன்வரிசை இடம். போதாக்குறைக்கு, பழத்துக்கென்று சொல்லிக்கொள்ளும்படி வாசனையும் கிடையாது.

ஆனால் ஹங்கேரியின் வடகிழக்கு மூலையில் உள்ள டோக்காய் வட்டாரத்தில், திராட்சைத் தோட்டங்களின் பெரும்பகுதியில் நிற்பது இந்தக் கொடிதான். உலகின் மிகப் புகழ்பெற்ற இனிப்பு ஒயின்களில் ஒன்று இதிலிருந்து பிறக்கிறது. பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியின் விருந்து மேசைக்கும் ரஷ்யச் சக்கரவர்த்திகளின் நிலவறைக்கும் போன ஒயின் அது. அதைச் செய்ய நல்ல பழம் போதாது. அழுகிய பழம் வேண்டும். அழுகல் எப்படிச் சுவையாகிறது என்பதுதான் இந்த அத்தியாயம். விடை திராட்சையில் மட்டும் இல்லை, பூஞ்சையில் மட்டும் இல்லை. ஒரு நாளின் காலைக்கும் பிற்பகலுக்கும் இடையே காற்றில் இருக்கும் ஈரம் எவ்வளவு மாறுகிறது என்பதில் அதன் பெரும்பகுதி இருக்கிறது.

எரிமலைச் சரிவும் இரண்டு ஆறுகளும்

ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு டோக்காய் வட்டாரம் எரிமலைகளின் இருப்பிடமாக இருந்தது. செம்ப்ளேன் மலைத்தொடரின் தென் அடிவாரத்தில் இன்று தெரியும் குன்றுகளில் பல, அணைந்துபோன அந்த எரிமலைகளின் மிச்சம். மண்ணில் எரிமலைச் சாம்பல் இறுகிய கல்லும் ரயோலைட் பாறையும் கலந்திருக்கின்றன. டோக்காய் ஊரை ஒட்டி நிற்கும் குன்றின் மேல் மட்டும் காற்று கொண்டுவந்து குவித்த வண்டல் படிந்திருக்கிறது. வடக்கே கார்பேத்திய மலைகள் குளிர்காற்றைத் தடுக்கின்றன. சரிவுகள் தெற்கு நோக்கி இருப்பதால் இலையுதிர்காலத்திலும் வெயில் நேராக விழுகிறது.

டோக்காய் ஊரில் பொட்ரோக் என்ற சிறிய ஆறு டிஸா என்ற பெரிய ஆற்றில் கலக்கிறது. பொட்ரோக் கரையோரம் வெள்ளம் பரவும் தாழ்நிலம். செப்டம்பர் கடைசியிலிருந்து இரவுகள் குளிரத் தொடங்கியதும், வெதுவெதுப்பு மாறாத ஆற்று நீரிலிருந்து எழும் ஈரம் மூடுபனியாகி விடியலில் சரிவுகளில் ஏறுகிறது. முற்பகலில் சூரியன் அதைக் கலைத்துவிடுகிறது. பிற்பகலில் காற்று உலர்ந்து வீசுகிறது. ஈரமான காலை, உலர்ந்த பிற்பகல்: இந்த இரண்டும் வாரக்கணக்கில் மாறி மாறி வருவதுதான் டோக்காயின் உண்மையான சொத்து. பிரான்ஸின் சோத்தெர்ன் வட்டாரத்திலும் இதே ஏற்பாடு உண்டு. அங்கே சிரோன் என்ற குளிர்ந்த சிற்றாறு கரோன் ஆற்றோடு சேரும் இடத்தில் மூடுபனி எழுகிறது. அங்கே நிற்கும் திராட்சை செமியோன்.

சூழல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஸ்லோவேனியா சாட்சி. ஷிப்போன் என்ற பெயரில் அங்கே வளர்வது மரபணு அளவில் ஃபுர்மின்ட்டேதான். ஆனால் அங்கே அதிலிருந்து வருவது பெரும்பாலும் இனிப்பில்லாத, சுள்ளென்ற ஒயின். கொடி ஒன்று, காலை வேறு.

விலக்கப்பட்ட தாயின் பிள்ளை

மரபணுச் சோதனை வந்த பிறகு திராட்சை ரகங்களின் குடும்ப மரத்தை வரைய முடிந்தது. ஃபுர்மின்ட்டின் பெற்றோரில் ஒன்று குவே பிளான் என்று அந்தச் சோதனைகள் காட்டின. இடைக்கால ஐரோப்பாவில் ஏழைக் குடியானவர்கள் வளர்த்த மட்டமான வெள்ளைத் திராட்சை அது. ஒயின் தரத்தைக் கெடுக்கிறது என்று பல இடங்களில் அதை நடவே தடை போட்டிருக்கிறார்கள். தடையை மீறிப் பரவிய அந்தக் கொடியின் பிள்ளைகள் பட்டியலில் ஷார்டோனே, ரீஸ்லிங், கமே என்று இன்றைய பெரிய பெயர்கள் நிறைய உண்டு. காய்ப்புத் திறனும் தளராத புளிப்பும் அந்தக் குடும்பச் சொத்து.

டோக்காயில் ஃபுர்மின்ட்டோடு நிற்கும் மற்ற கொடிகளுக்கும் உறவு முறை தெரிகிறது. இரண்டாம் இடத்தில் இருக்கும் ஹார்ஷ்லெவெலூ ஃபுர்மின்ட்டின் பிள்ளை. ஸேட்டா என்பது ஃபுர்மின்ட்டையும் பூவியேவையும் கலந்து 20-ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய ஒட்டுரகம். மூன்றாவதாக உள்ள மஞ்சள் மஸ்கட் வேறு குடும்பம்; மத்தியதரைக் கடலோரத்தின் பழைய, வாசனை மிகுந்த மஸ்கட் இனத்தின் ஹங்கேரியப் பெயர் அது. அந்த மஸ்கட்டின் பிள்ளை அலெக்சாண்டிரியா மஸ்கட். அதன் பிள்ளை ஹாம்பர்க் மஸ்கட். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுக்கக் காய்த்து, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை இந்த ஹாம்பர்க் மஸ்கட்தான். டோக்காய் சரிவில் நிற்கும் மஞ்சள் மஸ்கட் அதற்குத் தாத்தா முறை.

நோய் முக்கோணம்

இனி பூஞ்சைக்கு வருவோம். போட்ரிட்டிஸ் சினிரியா என்பது அதன் அறிவியல் பெயர். வேளாண் விஞ்ஞானிகள் அதைச் சாம்பல் பூசணம் என்பார்கள். நூற்றுக்கணக்கான தாவர இனங்களைத் தாக்கும். ஸ்ட்ராபெர்ரியை ஒரே இரவில் சாம்பல் பஞ்சாக்கும். ரோஜா மொட்டைப் பெட்டிக்குள்ளேயே அழுகவைக்கும். வடஇந்தியா, நேபாளம், வங்கதேசம் ஆகிய இடங்களில் கொண்டைக்கடலைப் பயிரை அது சூறையாடிய பருவங்கள் உண்டு. உயிருள்ள திசுவைக் கொன்று அந்தப் பிணத்தை உண்டு வாழும் வகையைச் சேர்ந்தது. பூஞ்சைக்கொல்லி மருந்து எதை அடித்தாலும் சில ஆண்டுகளில் அதற்கு எதிர்ப்புத்திறன் வளர்த்துக்கொள்வதிலும் கெட்டிக்காரப் பூஞ்சை.

தாவர நோயியல் மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே ஒரு முக்கோணம் வரைந்து காட்டுவார்கள். ஒரு முனையில் நோய்க்கிருமி; இன்னொரு முனையில் பயிர்; மூன்றாவதில் சூழல். மூன்றும் கூடினால்தான் நோய். கிருமி இருந்தும் காற்று உலர்ந்திருந்தால் நோய் வராது. ஈரம் இருந்தும் பயிருக்கு எதிர்ப்பு இருந்தால் வராது. டோக்காயில் நடப்பதைப் புரிந்துகொள்ள இந்த முக்கோணத்தில் ஒரே ஒரு திருத்தம் போதும். நோய் வருமா, வராதா என்பதோடு முக்கோணம் நிற்பதில்லை. வந்த நோய் எந்த வகையாக மாறும் என்பதையும் அதுதான் முடிவு செய்கிறது. போட்ரிட்டிஸ் ஒன்றே. அது அழுகலாகவும் முடியலாம், அமுதாகவும் முடியலாம். முதலாவதைச் சாம்பல் அழுகல் என்றும் இரண்டாவதை உன்னத அழுகல் என்றும் சொல்கிறார்கள்.

பூஞ்சை கொடிக்கு வருவது இலையுதிர்காலத்தில் அல்ல. ஜூனில் பூ விடும்போதே அதன் வித்துகள் பூவின் வாடிய பாகங்கள் வழியே நுழைந்துவிடுகின்றன. ஆனால் பச்சைக் காயிடம் அதன் ஜம்பம் பலிக்காது. காயின் தோலில் டானின்கள் இருக்கின்றன. தாக்குதல் வந்தால் ரெஸ்வெரட்ரால் போன்ற தற்காப்பு வேதிப்பொருள்களை அது சுரக்கும். அதனால் பூஞ்சை உறக்கநிலையில் காத்திருக்கும். பழுக்கப் பழுக்கக் காயின் தற்காப்பு தளரும், சர்க்கரை ஏறும். அப்போது மூடுபனி வந்தால் உள்ளே உறங்கியது விழித்துக்கொள்ளும். வெளியிலிருந்து புதிய வித்துகளும் வந்து முளைக்கும்.

காய் முழுதாகப் பழுக்கும் முன்பே இது நடந்தாலோ, நடந்தபின் மழை விடாமல் பெய்தாலோ கதை முடிந்தது. தோல் வெடிக்கும், பூஞ்சை பழம் முழுக்கப் படர்ந்து சாம்பல் நிறத்தில் வித்துகளைக் கொட்டும். பின்னாலேயே பெனிசிலியம் பூசணம், வினிகர் பாக்டீரியா, பழ ஈ எல்லாம் வரிசையில் வந்து சேரும். அந்தக் குலையைத் தோட்டத்துக்கு வெளியே கொட்டுவதைத் தவிர வழியில்லை.

பழம் முழுதாகப் பழுத்து, காலை ஈரம் சில மணி நேரமே நீடித்து, பிற்பகல் உலர்ந்திருந்தால் கதை வேறு. வித்து முளைக்கப் போதுமான ஈரம் காலையில் கிடைக்கிறது. கட்டுக்கடங்காமல் படரும் அளவுக்குக் கிடைப்பதில்லை. ஃபுர்மின்ட்டின் தோல் சற்றே தடித்தது, சட்டென்று வெடிக்காது. இங்கேதான் அந்தக் கொடியின் தாமதம் கைகொடுக்கிறது. முன்கூட்டிப் பழுக்கும் ரகம் என்றால் மூடுபனிக் காலத்துக்கு முன்பே பழம் விழுந்துபோயிருக்கும். ஃபுர்மின்ட் பழுத்து முடிக்கும் நேரமும் பொட்ரோக்கின் மூடுபனி எழும் நேரமும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

பழத்துக்குள் ஒரு கணக்கு

பூஞ்சையின் முதல் வேலை தோலைக் கரைப்பது. தோலின் மேலுள்ள மெழுகுப் படலத்தைக் கரைக்க ஒரு நொதி, செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினைக் கரைக்க சில நொதிகள் என்று அது வரிசையாகச் சுரக்கிறது. தோல் கிழிவதில்லை, கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு தளர்ந்துபோகிறது. முதலில் பழத்தின் மேல் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். சில நாளில் பழம் முழுவதும் சாக்லெட் நிறமாகும். இன்னும் உருண்டையாகத்தான் இருக்கும். அதன் பிறகு பிற்பகல் வெயிலும் காற்றும் அந்தத் துளைகள் வழியே நீரை இழுக்கத் தொடங்கும். ஓரிரு வாரங்களில் பழம் சுருங்கி, தோல் மடிந்து, உலர்திராட்சைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

இதில் ஒரு முரண் உண்டு. பூஞ்சை சும்மா இருப்பதில்லை. பழத்தின் சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதுவே தின்றுவிடுகிறது. பிறகு இனிப்பு எப்படிக் கூடும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ பழத்தில் 200 கிராம் சர்க்கரை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பூஞ்சை 70 கிராமைத் தின்றுவிட்டது, மிச்சம் 130. ஆனால் நீர் வற்றி, ஒரு கிலோ பழத்தின் எடை 300 கிராமுக்கு இறங்கிவிட்டது. முன்பு எடையில் ஐந்தில் ஒரு பங்கு சர்க்கரை. இப்போது பாதிக்குச் சற்றே குறைவு. மொத்தத்தில் நஷ்டம், செறிவில் லாபம். விவசாயிக்கு விளைச்சல் குறைவதும் ஒயினுக்கு விலை கூடுவதும் இந்த ஒரே கணக்கிலிருந்து வருகின்றன.

இந்தச் செறிவே பூஞ்சைக்கும் கடிவாளம் போடுகிறது. பழச்சாறு சர்க்கரைப் பாகாக இறுக இறுக, அதன் சவ்வூடு அழுத்தம் ஏறிப் பூஞ்சையின் செல்களிலிருந்தே நீரை உறிஞ்சுகிறது. வளர்ச்சி மந்தமாகி நின்றுபோகிறது. வெயில் அடித்த பிற்பகல்கள் இனிப்பைச் செறிவாக்கியதோடு, விருந்தாளி வீட்டையே காலிசெய்யாமலும் பார்த்துக்கொண்டன.

போகும் முன் பூஞ்சை பலவற்றை விட்டுவிட்டுப் போகிறது. முக்கியமானது கிளிசரால், ஒயினுக்கு நாவில் வழுவழுவென்ற கனத்தைத் தருவதில் அதற்குப் பங்குண்டு. பழுப்பு நிறம் ஏற்றும் லாக்கேஸ் என்ற நொதி இன்னொன்று. வடிகட்டியை அடைத்துக்கொள்ளும் குளுக்கான் என்ற பிசுபிசுப்பு மூன்றாவது. ஒயின் செய்பவர் கடைசி இரண்டோடும் மல்லுக்கட்டியே ஆக வேண்டும்.

வெள்ளைத் திராட்சையின் பழைய நினைவு

உன்னத அழுகல் பிடித்த வெள்ளைத் திராட்சை ஒரு கட்டத்தில் இளஞ்சிவப்பாகவும் ஊதாவாகவும் மாறுவதைத் தோட்டக்காரர்கள் தலைமுறைகளாகப் பார்த்திருக்கிறார்கள். அழுகலின் நிறம் என்றே நினைத்திருந்தார்கள். மரபணு ஆய்வு வேறு விஷயத்தைச் சொன்னது.

காட்டுத் திராட்சை கறுப்பு. தோலில் ஆந்தோசயனின் என்ற நிறமியைச் செய்யச் சொல்லும் இரண்டு மரபணுக்கள் அருகருகே இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் தொடக்கப் பகுதியில், இடம் விட்டு இடம் தாவும் டி.என்.ஏ. துண்டு ஒன்று புகுந்து அதை முடக்கியிருப்பதை ஜப்பானிய விஞ்ஞானிகள் 2004-இல் கண்டுபிடித்தார்கள். மற்றொன்று வேறு பிறழ்வால் கெட்டது. இரண்டும் கெட்ட கொடியின் பழம்தான் வெள்ளைத் திராட்சை. நிறமி செய்யும் தொழிற்சாலை அப்படியே இருக்கிறது. தொடங்கச் சொல்லும் உத்தரவு மட்டும் வருவதில்லை.

கலிபோர்னியாவில் விளைந்த செமியோன் திராட்சையை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2015-இல் வெளியானது. போட்ரிட்டிஸ் தாக்கிய வெள்ளைப் பழங்களில் உண்மையாகவே ஆந்தோசயனின் உருவாகியிருந்தது. கறுப்புத் திராட்சை பழுக்கும்போது நடக்கும் பல வேதிவினைகளை, வாசனைப் பொருள்களைச் செய்யும் வினைகள் உட்பட, பூஞ்சையின் தாக்குதல் வெள்ளைப் பழத்தில் கிளப்பிவிட்டிருந்தது. ஆக, உன்னத அழுகலில் பழம் வெறுமனே உண்ணப்படும் பொருளாக இருப்பதில்லை. தாக்குதலுக்குப் பதில் சொல்கிறது. சுவையின் ஒரு பகுதி பூஞ்சை செய்தது, ஒரு பகுதி பழமே செய்தது.

புளிப்பின் வேலை

வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்தால் பானகம் ஆகிவிடாது. எலுமிச்சை பிழிந்த பிறகுதான் அது குடிக்கத் தக்கதாகிறது. இனிப்பு குறையவில்லை, ஆனால் திகட்டல் போய்விடுகிறது. இனிப்பு ஒயினில் எலுமிச்சையின் வேலையைச் செய்வது திராட்சையின் சொந்தப் புளிப்பு.

பூஞ்சை இந்தப் புளிப்பையும் விட்டுவைப்பதில்லை. திராட்சையின் முக்கிய அமிலமான டார்டாரிக் அமிலத்தை அது விரும்பித் தின்னும். மாலிக் அமிலத்தைச் சற்றுக் குறைவாகத் தின்னும். சாதாரண ரகத்தில் இந்த இழப்புக்குப் பிறகு மிஞ்சுவது சப்பென்ற சர்க்கரைப் பாகு. ஃபுர்மின்ட்டிலோ தொடக்கத்திலேயே புளிப்பு மிகுதி. பூஞ்சை தின்றது போகவும் மிச்சம் இருக்கும். நீர் வற்றும்போது அந்த மிச்சமும் செறிவாகும். அதனால்தான் லிட்டருக்கு 150 கிராம் சர்க்கரை உள்ள டோக்காய் ஒயின்கூட வாயில் பாரமாக உட்காருவதில்லை. கெடாமல் காப்பதிலும் புளிப்புக்குப் பங்கு உண்டு. அமிலம், சர்க்கரை, ஆல்கஹால் மூன்றும் சேர்ந்த இடத்தில் பாக்டீரியாக்கள் பிழைப்பது கடினம். நல்ல ஆண்டின் ஒயின் நூறாண்டு தாண்டியும் குடிக்கத் தக்கதாக இருப்பது இதனால்தான்.

ஒவ்வொன்றாகப் பொறுக்குவது

பூஞ்சை குலை முழுக்க ஒரே நாளில் பரவாது. ஒரே குலையில் பச்சைப் பழம், புள்ளி விழுந்த பழம், சுருங்கிய பழம், கெட்டுப்போன பழம் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எந்திரத்தால் இதைப் பிரிக்க முடியாது. அக்டோபர், நவம்பரில் ஆட்கள் ஒரே வரிசைக்குப் பல முறை வந்து, சரியாகச் சுருங்கிய பழத்தை மட்டும் விரலால் கிள்ளி எடுப்பார்கள். நாளெல்லாம் குனிந்து பொறுக்கினாலும் கைதேர்ந்தவருக்கே பத்துக் கிலோ சேர்வது அரிது. இப்படி எடுத்த பழத்துக்கு அஸூ என்று பெயர். ஒயினுக்கும் அதுவே பெயர்.

அஸூ பழத்தில் சாறு அநேகமாக இல்லை. பிழிந்தால் பிசின்தான் வரும். அதனால் டோக்காயில் வேறு வழி கண்டார்கள். அதே ஆண்டில் ஆரோக்கியமான பழத்திலிருந்து எடுத்த சாற்றிலோ, நொதித்துக்கொண்டிருக்கும் சாற்றிலோ, நொதித்து முடிந்த ஒயினிலோ அஸூ பழத்தை ஊறவைத்து அதன் சர்க்கரையையும் வாசனையையும் இறக்குவார்கள். பழைய அளவை முறை இன்னும் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. புட்டோனி என்பது முதுகில் மாட்டும் கூடை. 20 முதல் 25 கிலோ வரை பிடிக்கும். கோன்ட்ஸ் என்ற ஊரின் பீப்பாய் 136 லிட்டர் கொள்ளும். ஒரு பீப்பாய்க்கு எத்தனை கூடை அஸூ என்பதை வைத்து மூன்று புட்டோனி முதல் ஆறு புட்டோனி வரை தரம் பிரித்தார்கள். இன்று கூடையை எண்ணுவதில்லை, சர்க்கரையை அளக்கிறார்கள். இப்போதைய விதிப்படி அஸூ ஒயினில் லிட்டருக்குக் குறைந்தது 120 கிராம் சர்க்கரை இருக்க வேண்டும். ஆறு புட்டோனி என்று எழுத 150 கிராம் வேண்டும். குறைந்தது 18 மாதமாவது ஓக் பீப்பாயில் இருந்திருக்கவும் வேண்டும்.

அஸூ பழத்தைத் தொட்டியில் குவித்து வைத்திருக்கும்போது, அதன் சொந்த எடையால் அழுந்தி அடியில் துளித்துளியாக ஒரு சாறு வடியும். அதுதான் எஸென்சியா. லிட்டருக்கு 450 கிராமுக்குக் குறையாத சர்க்கரை. அதைவிட மிக அதிகமாகவும் இருக்கும். ஈஸ்ட்டே திணறும் அடர்த்தி என்பதால் நொதிக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். அப்போதும் ஆல்கஹால் பெரும்பாலும் ஐந்து சதவீதத்தைத் தொடாது. கோப்பையில் ஊற்றுவதில்லை. கரண்டியில்தான் பரிமாறுவார்கள்.

மூச்சுத் திணறும் ஈஸ்ட்

சாதாரணத் திராட்சைச் சாற்றில் ஈஸ்ட் சர்க்கரையை முழுவதும் ஆல்கஹாலாக்கிவிட்டு ஓயும். அஸூ சாற்றில் அப்படி முடிவதில்லை. சர்க்கரைச் செறிவு ஈஸ்ட் செல்லிலிருந்து நீரை இழுக்கிறது. தனக்கு வேண்டிய நைட்ரஜனையும் தயமினையும் பூஞ்சை முன்பே எடுத்துக்கொண்டுவிட்டதால் ஈஸ்ட்டுக்குச் சத்துக் குறைவு. ஆல்கஹால் ஏற ஏற அதுவும் நஞ்சாகிறது. இத்தனையும் சேர்ந்து, சர்க்கரை ஏராளமாக மிஞ்சியிருக்கும்போதே நொதித்தல் தானாக அடங்கிவிடுகிறது. வெளியிலிருந்து சர்க்கரையோ சாராயமோ சேர்க்காமல் இனிப்பு தங்குவது இப்படித்தான்.

அந்தச் சூழலிலும் சளைக்காத ஈஸ்ட் ஒன்று உண்டு. டெப்ரெசென் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர் மாட்யாஷ் சிபிட்ஸ்கி 2003-இல் அதைப் புதிய இனமாக விவரித்து, செம்ப்ளேன் மலையின் பெயரால் கேண்டிடா செம்ப்ளினினா என்று பெயரிட்டார். குளிரையும் சர்க்கரைச் செறிவையும் தாங்கும் அந்த ஈஸ்ட் பிரக்டோஸ் சர்க்கரையை முதலில் எடுத்துக்கொள்ளும். வழக்கமான ஒயின் ஈஸ்ட்டுக்கு முதல் விருப்பம் குளுக்கோஸ். ஒரே தொட்டியில் இரண்டும் இருக்கும்போது ஒன்றின் மிச்சத்தை மற்றது உண்கிறது. பிரக்டோஸ் குளுக்கோஸைவிடத் தித்திப்பு அதிகம் என்பதால், எது எவ்வளவு மிஞ்சுகிறது என்பதும் ஒயினின் சுவையைத் தீர்மானிக்கிறது.

நொதித்து முடிந்த ஒயின் போய்ச் சேருவது எரிமலைப் பாறையைக் குடைந்த குறுகலான நிலவறைகளுக்கு. பத்துப் பன்னிரண்டு டிகிரி குளிர். சுவர் நனையும் ஈரப்பதம். சுவர்களில் கறுப்புக் கம்பளமாகப் படர்ந்திருப்பது ஸாஸ்மிடியம் செல்லாரே என்ற இன்னொரு பூஞ்சை. பீப்பாய்களிலிருந்து ஆவியாகும் ஆல்கஹால் போன்றவற்றை உண்டு அது வாழ்கிறது. சுவரைக் கழுவி அதை அகற்ற யாரும் நினைப்பதில்லை.

பல ஆண்டு கழித்துத் திறந்தால் வரும் வாசனையில் பாதாமி, தேன், ஆரஞ்சுத் தோல் என்று பலவற்றைச் சொல்வார்கள். அதில் ஒன்று நம் சமையலறைக்குத் தெரிந்த வாசனை. உன்னத அழுகல் ஒயின்களில் சோடோலான் என்ற மூலக்கூறு மிக நுண்ணிய அளவில் இருக்கிறது. வெந்தயத்துக்கு வெந்தய வாசனை தருவது அதே மூலக்கூறு. சுத்திகரிக்காத கரும்புச் சர்க்கரையின் மணத்திலும் அது உண்டு. செறிவு மிகுந்தால் வெந்தயம், நீர்த்தால் காய்ச்சிய பாகு. ஆயிரக்கணக்கான கல் தள்ளியுள்ள நிலவறையில் அமர்ந்து ஒருவர் முகர்வதும், தாளிக்கும்போது நாம் முகர்வதும் வேதியியலுக்கு ஒன்றே.

கதையும் காகிதமும்

முதல் அஸூவைச் செய்தவர் ஸெப்ஷி லாட்ஸ்கோ மாட்டே என்ற சீர்திருத்தக் கிறிஸ்தவப் போதகர் என்று டோக்காயில் சொல்வார்கள். 1630 வாக்கில், படையெடுப்பு வரும் என்ற அச்சத்தால் அவர் ஒரேமுஷ் தோட்டத்தின் அறுவடையை நவம்பருக்குத் தள்ளிவைத்தாராம். அதற்குள் பழம் அழுகிச் சுருங்கிவிட, அதையும் வீணாக்காமல் ஒயின் செய்தாராம். அழகான கதை. ஆனால் அஸூ என்ற ஒயினைப் பற்றிய குறிப்பு 1571-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே இருக்கிறது. 1590-இல் அச்சான ஒரு சொற்பட்டியலிலும் வருகிறது. இப்படிப்பட்ட அறிவு ஒரே நாளில் ஒருவருக்கு உதிப்பதில்லை. பல இலையுதிர்காலங்களில் பலர் கைதவறிப்போன அறுவடைகளிலிருந்து திரண்டதாகவே அது இருக்கும்.

1737-இல் அரச ஆணை ஒன்று எந்தெந்த ஊர்களின் ஒயினுக்கு டோக்காய் என்ற பெயர் உண்டு என்று எல்லை வகுத்தது. உலகிலேயே இப்படி எல்லை வரைந்த மிகப் பழைய ஒயின் வட்டாரங்களில் இது ஒன்று. 1885-இல் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பேன் வந்து தோட்டங்களை அழித்தது. அந்தப் பேனைத் தாங்கும் அமெரிக்கத் திராட்சை வேரின் மேல் ஒட்டுக்கட்டித்தான் மீண்டும் நட முடிந்தது. அதற்கு முன் வகைவகையான கொடிகள் கலந்து நின்ற சரிவுகளில், மறுநடவில் முதலிடம் ஃபுர்மின்ட்டுக்குப் போயிற்று. கம்யூனிஸ ஆட்சியில் அரசு நிறுவனம் எல்லாத் தோட்டத்துப் பழத்தையும் ஒரே தொட்டியில் கொட்டித் தரத்தைத் தளர்த்தியது. 1990-க்குப் பிறகு தனியார் கைக்கு மாறிய தோட்டங்கள் பழைய முறைகளுக்குத் திரும்பின. 2002-இல் யுனெஸ்கோ இந்த வட்டாரத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

செப்டம்பர் சூதாட்டம்

2000-ஆம் ஆண்டு அறுவடையில் இஷ்ட்வான் ஸெப்ஷி என்ற ஒயின் வல்லுநர் ஊராக்யா என்ற ஒரே தோட்டத்துப் பழத்திலிருந்து இனிப்பில்லாத ஃபுர்மின்ட் ஒயின் செய்தார். பூஞ்சை தொடாத பழம். சர்க்கரை முழுவதும் நொதித்துத் தீர்ந்த ஒயின். தனக்கென்று பெரிய வாசனை இல்லாத கொடி, தான் வேரூன்றிய பாறையின் வேறுபாட்டைத் துலக்கிக் காட்டுகிறது என்று ஒயின் உலகம் பேசத் தொடங்கியது. அன்றிலிருந்து டோக்காயில் உலர் ஃபுர்மின்ட் தனித் தொழிலாக வளர்ந்திருக்கிறது. இனிப்பு ஒயினுக்கு உலகெங்கும் சந்தை சுருங்கிவந்த காலத்தில் அது பல குடும்பங்களுக்குப் பிடிமானம்.

இதனால் தோட்டக்காரர் முன் ஒரு புதிய கணக்கு வந்திருக்கிறது. ஜூன், ஜூலையில் அவர் போட்ரிட்டிஸுக்கு எதிரி. குலையைச் சுற்றிய இலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் செய்வார். தேவைப்பட்டால் மருந்து அடிப்பார். செப்டம்பர் கடைசியில் எத்தனை வரிசையை உலர் ஒயினுக்கு அறுப்பது, எத்தனை வரிசையைப் பூஞ்சைக்கு விடுவது என்று முடிவெடுக்க வேண்டும். அறுத்த பழத்துக்கு நிச்சயமான காசு. விட்ட பழத்துக்கு மூன்று வழி. மழை தொடர்ந்தால் சாம்பல் அழுகல். மூடுபனியே வராமல் வறண்டால் பழம் வெறுமனே வாடும். இனிக்கும், ஆனால் பூஞ்சை தரும் வாசனை இராது. காலை ஈரமும் பிற்பகல் வெயிலும் அளவாக வந்தால் மட்டும் அஸூ. பூமி சூடாகி, இலையுதிர்காலம் ஆண்டுக்கு ஆண்டு தடுமாறும்போது இந்த மூன்றில் எது நடக்கும் என்று ஊகிப்பது முன்பைவிடக் கடினமாகிறது. அஸூ ஒயினே செய்யாமல் போகும் ஆண்டுகள் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஒரு புட்டியின் விலையில், பலித்த ஆண்டின் செலவோடு, பலிக்காத ஆண்டுகளின் நஷ்டமும் அடங்கியிருக்கிறது.